முடிஞ்சது மட்டும் போதும்

"எனக்கு எல்லா இங்கிலீஷும் வேண்டாம் டீச்சர். முடிஞ்சது மட்டும் போதும்," என்றாள் பவுனம்மா.

"எது முடிஞ்சது?"

"முடிஞ்சு போனது. வந்தாங்க, போனாங்க, சாப்பிட்டாங்க, தூங்குனாங்க. அதை மட்டும் சொல்லிக் குடுங்க. இனிமே நடக்கப் போறதெல்லாம் எனக்கு எதுக்கு?"

ரெஹானா அவளைப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. வேலை நேரத்தில் முந்தானையை இடுப்பில் செருகும் பழக்கம் உள்ளவள். வகுப்புக்கு வந்த இடத்திலும் அப்படியே செருகியிருந்தாள்.

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் மாடியில் ரெஹானா இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தமிழ் பேசினால் நாக்கு திக்கும். இங்கிலீஷில் திக்காது. அதனால்தான் அதைப் படித்தாள் என்று ஊரில் சொல்வார்கள். தமிழில் அவள் ஒரு சொல்லை வெளியே விடுவதற்குள், எதிரில் இருப்பவர் பதிலைத் தானாகவே கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் அவளுக்கு நல்ல டீச்சர் என்று பெயர்.

"எதுக்கு?" என்று கேட்டாள் ரெஹானா.

பவுனம்மா சொன்னாள்.

மலையடிவாரத்தில் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. பவுனம்மா சின்ன வயதிலிருந்தே அங்கே ஆயா. யாரும் இல்லாத குழந்தைகள் அங்கே வளரும். முன்பெல்லாம் அவர்களில் சிலரை வெளிநாட்டுக்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்கள் வளர்ந்து ஆளானதும் சில பேர் திரும்பி வருவார்கள்.

வருகிற எல்லாருமே ஒன்றைத்தான் கேட்பார்கள்.

"என் அம்மாவைப் பார்த்தீங்களா?"

"ஹாலந்துலேர்ந்து ஒரு பையன் வந்தான் டீச்சர். நல்ல உயரம். அவன் கேட்டதை எங்க சார் தமிழ்ல சொன்னாரு. நான் 'தெரியாது சார்'னேன். அதை சார் இங்கிலீஷ்ல அவன்கிட்ட சொன்னாரு. சொல்றாரு, சொல்றாரு, சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் சொன்னது ஒரே வார்த்தை!"

"அப்புறம்?"

"அந்தப் பையன் ஓன்னு அழுதான். என் கால்ல விழுந்தான். எதுக்கு விழுந்தான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

ரெஹானா தலையசைத்தாள்.

"அடுத்த மாசம் இன்னொருத்தி வர்றா. டென்மார்க்காம். செண்பகம்னு நான்தான் பேர் வெச்சேன். மூணு வயசு வரைக்கும் என் இடுப்புலதான் இருந்தா. இவளுக்கு நானே பதில் சொல்லணும்."

"உங்க சார்..."

"சார் நல்லவரு டீச்சர். அதுதான் கஷ்டமே."

*

ரெஹானா மேசை மேல் ஒரு பிஸ்கட்டை வைத்தாள்.

"ஈட்."

பவுனம்மா எடுத்துச் சாப்பிட்டாள்.

பிஸ்கட் இருந்த இடத்தை ரெஹானா விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஏட்."

பவுனம்மா வெறும் மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா அது என் வயித்துல இருக்கே டீச்சர்?"

"அது வேற காலம். அதுக்கு அடுத்த வருஷம் வாங்க."

*

சில சொற்களுக்கு வாலில் ஒரு 'ட்' சேர்த்தால் போதும் என்று தெரிந்ததும் பவுனம்மாவுக்கு ஒரே குஷி. இல்லத்தின் சமையல்கட்டில் கண்ணில் பட்டதற்கெல்லாம் வால் ஒட்டினாள். வாஷ்ட். குக்ட். க்ளீன்ட். குழந்தைகள் அவள் பின்னாலேயே வால் ஒட்டிக்கொண்டு திரிந்தன.

மறுநாள் வந்து, "ஐ கோட் மார்க்கெட்," என்றாள்.

ரெஹானா தலையை ஆட்டினாள். "கோவுக்கு வால் கிடையாது. வென்ட்."

"வென்ட்டா?"

"வென்ட்."

பவுனம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"போனான்ல 'போ' இருக்கு, போவான்லயும் 'போ' இருக்கு. கோவுக்கும் வென்ட்டுக்கும் ஜாடையே இல்லையே. இது யார் வீட்டுப் புள்ள?"

"வேற வீட்டுப் புள்ளதான்," என்றாள் ரெஹானா.

பவுனம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ரெஹானா திக்கித் திக்கிச் சொன்னாள். ரொம்ப காலத்துக்கு முன்னால் 'கோ'வுக்குச் சொந்தமாக ஒரு இறந்தகாலம் இருந்தது. அது வழக்கொழிந்துபோனது. 'வென்ட்' என்பது 'வெண்ட்' என்ற இன்னொரு சொல்லுக்குப் பிறந்தது. 'கோ' அதை எடுத்து வளர்த்தது.

"அப்ப அதைப் பெத்தது?"

"இருக்கு. யா... யாரும் கூப்பிடறதில்ல."

பவுனம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டா வருமா?" என்றாள்.

"புத்தகத்துல வரும்."

அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

*

"வெட்டறதுக்கு?"

"கட்."

"நேத்து வெட்டினதுக்கு?"

"கட்."

"இன்னிக்கு வெட்டறதும் கட், நேத்து வெட்டினதும் கட்டா? அப்ப நேத்துதான் வெட்டினான்னு எப்படித் தெரியும்?"

"ரத்தம் காஞ்சிருக்கும்," என்றாள் ரெஹானா.

*

கேள்வி கேட்கும் பாடத்தில்தான் பவுனம்மா திணறினாள்.

"டிட் யூ ஈட்?" என்று கேட்டால், "யெஸ், ஐ டிட் ஏட்," என்பாள். எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி அதுவே வரும்.

"ஏட்னாதான் சாப்பிட்டேன்னு சொன்னீங்க. இப்ப டிட் வந்ததும் திரும்பவும் ஈட்டா மாறிடுமா? அது என்ன அநியாயம்?"



அடுத்த நாள் பவுனம்மா மார்க்கெட்டிலிருந்து நேரே வந்தாள். கையில் ஒரு பெரிய பை. கீரைக்கட்டு, பூசணிப் பத்தை, வாழைக்காய். மாடிப்படி செங்குத்தாக இருக்கும். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றாள். ரெஹானா இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள்.

மேலே வந்ததும் கேட்டாள். "இப்ப உங்க கையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"பை?"

"உங்க கையில."

ரெஹானா பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

பவுனம்மாவின் முகம் மெல்ல மாறியது. தன் வெறுங்கையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"அடச்சே. டிட் வந்து சுமையை வாங்கிக்குது."

"ம்."

"அப்புறம் எதுக்கு நானும் தூக்கணும்!"

அதற்குப் பிறகு அவள் அந்தத் தப்பைச் செய்யவேயில்லை.

*

செண்பகம் வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ரெஹானா தன் நாற்காலியைப் பவுனம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நான் செண்பகம்," என்றாள். பிறகு இங்கிலீஷுக்கு மாறினாள். அவள் குரல் சட்டென்று தண்ணீர்போல் ஓடியது.

"டிட் மை மதர் க்ரை?"

பவுனம்மா காத்திருந்த கேள்வி இது. ஒரு வாரமாகப் பால் காய்ச்சும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"யெஸ். ஷி க்ரைட். ஷி க்ரைட் அண்ட் ஷி வென்ட்."

ஒரு பிழை இல்லை. பவுனம்மா பெருமையோடு பார்த்தாள்.

ரெஹானா முகத்தில் சிரிப்பு இல்லை. தமிழில் கேட்டாள்.

"நீ... நீங்க பாத்தீங்களா?"

"எதை?"

"அவங்க அழுததை."

பவுனம்மா முந்தானையைச் சரி செய்தாள். "விடிஞ்சதும் கேட்டைத் திறந்தேன். துணியில சுத்திப் புள்ள மட்டும்தான் கிடந்துச்சு. வேற யாரும் இல்ல."

ரெஹானா காத்திருந்தாள்.

"பத்து மாசம் சுமந்த புள்ளைய விட்டுட்டு யாராவது அழாம போவாங்களா டீச்சர்? அழுதிருப்பா."

"அழுதிருப்பா," என்றாள் ரெஹானா. "அழுதா." இரண்டையும் இரண்டு உள்ளங்கைகளில் ஏந்தியிருப்பதுபோலக் கையை நீட்டினாள். "ரெண்டும் ஒண்ணா?"

பவுனம்மா அந்த இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க கேட்ட காலத்துல 'அழுதிருப்பா' கிடையாது."

"அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"இருக்கு."

"அதையும் சொல்லிக் குடுங்க."

"மாட்டேன்."

பவுனம்மாவுக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு என்ன தெரியும்? பெத்தவளா இருந்தா தெரியும்." சொல்லி முடித்த பிறகுதான் தானும் பெற்றவள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. குரல் இறங்கிவிட்டது. "ஒரு வார்த்தை டீச்சர். அவ்வளவு தூரம் வர்ற புள்ள. மடியில கட்டிக்கிட்டுப் போக ஒரு வார்த்தை. அதைக் குடுத்தா என்ன தப்பு?"

"அதைக் குடுக்கத்தான் சார் இருக்காரே," என்றாள் ரெஹானா.

பவுனம்மா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

*

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை.

இல்லத்தில் வேலை பார்த்தாள். குழந்தைகளுக்குத் தலை வாரினாள். யாரோடும் அதிகம் பேசவில்லை. க்ளீன்ட், குக்ட் என்று பின்னால் வந்த குழந்தைகளை, "போங்க அந்தப் பக்கம்," என்று விரட்டினாள்.

ஒரு மத்தியானம் நிர்வாகியின் அறைக்குப் போய் வாசலில் நின்றாள். நிர்வாகி ஞானராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஹாலந்து பையன்கிட்ட அன்னிக்கு என்ன சொன்னீங்க?"



"உங்க அம்மா தெருக்கோடி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாங்க, இந்த அம்மா அதைக் கண்ணால பாத்தாங்கன்னு சொன்னேன்."

"நானா பாத்தேன்?"

"ஏதாவது சொல்லணுமே பவுனம்மா. அந்தப் பையன் முகத்தைப் பாத்தீங்கல்ல."

"அப்படியா சார் போனாங்க?"

"அப்படித்தான் போயிருப்பாங்க."

போயிருப்பாங்க. பவுனம்மா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஞானராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினார். "இப்ப அடிக்கடி போன் பண்றான். எந்தத் தெருக்கோடி, எந்தப் பக்கம் திரும்பினாங்க, என்ன கலர் சேலைன்னு கேக்கறான். லீவு போட்டுட்டு வந்து வீடு வீடா விசாரிக்கப் போறானாம். நானும் என்னத்தைச் சொல்ல? போன வாரம், பச்சைக் கலர்னு சொல்லிட்டேன்."

பவுனம்மா திரும்பி வந்தாள்.

மறுநாள் மாடிப்படி ஏறினாள். ஏன் வரவில்லை என்று ரெஹானா கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் பாக்கலைன்னு எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டாள் பவுனம்மா.

"ஐ டிட் நாட் ஸீ."

"ஐ டிட் நாட் ஸீ."

"ம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதைக் கேக்கறதுக்கா அந்தப் புள்ள கடல் தாண்டி வருது? இதைச் சொல்லிட்டு அப்புறம் நான் என்ன செய்யறது?"



"தெரியல," என்றாள் ரெஹானா.

அந்த ஒரு சொல்லை அவள் திக்காமல் சொன்னாள்.

*

செண்பகம் ஒரு காலை நேரத்தில் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். இப்போது அவள் பெயர் மெத்தே. கறுத்து, மெலிந்து, காது தெரிய முடி வெட்டியிருந்தாள். பார்வையாளர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தட்டில் வைத்த முறுக்கைத் தொடவில்லை.

ஞானராஜ் இருவருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சார், நீங்க இருங்க," என்றாள் பவுனம்மா. "ஆனா பேசாதீங்க."

ஞானராஜ் வாயை மூடிக்கொண்டார்.

மெத்தே பவுனம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"டிட் யூ ஸீ மை மதர்?"

பவுனம்மாவின் நாக்கு நுனியில் 'க்ரைட்' வந்து நின்றது. எதிரில் இருந்த முகம் அதற்காகவே ஏங்கிக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஞானராஜ் தலையை லேசாக ஆட்டி, சொல்லுங்க, சொல்லுங்க என்று ஜாடை காட்டினார்.

"நோ," என்றாள் பவுனம்மா. "ஐ டிட் நாட் ஸீ."

"டிட் ஷி கம் பேக்? எவர்?"

"ஐ டிட் நாட் ஸீ."

"டிட் எனிபடி ஸீ?"

"நோ."

மெத்தே மெதுவாகத் தலையசைத்தாள். இப்படி ஒரு பதிலையும் அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். "தேங்க் யூ," என்றாள். "யூ ஆர் ஹானஸ்ட்." எழுந்தாள். ஞானராஜும் எழுந்தார். கார்க்காரர் வெளியே ஹார்ன் அடித்தார்.

வாசற்படியில் மெத்தே ஒரு நொடி நின்றாள். யாருக்கும் முகம் காட்டாமல், கீழுதட்டை உள்ளே இழுத்துப் பல்லால் அழுத்திக்கொண்டாள்.

பக்கவாட்டில் நின்ற பவுனம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

அந்த உதடு அப்படி உள்ளே போனால் அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"யூ பிட் மீ!" என்றாள்.

"பவுனம்மா!" என்று பதறினார் ஞானராஜ்.

மெத்தே திரும்பினாள். "வாட்?"

பவுனம்மா தன் வலது தோளைத் தட்டிக் காட்டினாள். கடித்த தழும்பு ஒன்றும் இல்லை. அது எப்போதோ மறைந்துவிட்டது. "ஹியர். யூ பிட் மீ."

"மீ?"

"யூ. ஒன்லி டூ டீத்." இரண்டு விரலை வாய்க்கு முன்னால் பிடித்துக் காட்டினாள்.

மெத்தே அந்த இரண்டு விரலையே பார்த்தாள். "வொய்?" என்று கேட்டாள்.

"ஐ கேவ் ரைஸ். யூ டிட் நாட் ஈட். ஐ கேவ் எகெய்ன். யூ டிட் நாட் ஈட். ஐ டுக் யூ, ஐ ஷோட் மூன், ஐ கேவ் ரைஸ். யூ பிட்."

வெளியே மறுபடி ஹார்ன் கேட்டது. ஞானராஜ் போய்ச் சற்று இருக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் மெத்தே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலி நுனியில் அல்ல.

"டிட் யூ க்ரை?" என்று கேட்டாள்.

"யெஸ்," என்றாள் பவுனம்மா. "ஐ க்ரைட்."

"அண்ட் மீ?"

"யூ லாஃப்ட்."

மெத்தேயின் கண் நிறைந்தது. தன்னைப் பற்றி இதுவரை யாரும் அவளிடம் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதை கேட்கிற குழந்தைபோல முன்னால் சாய்ந்தாள்.

"அண்ட் தென்?"

பவுனம்மா யோசிக்கவே இல்லை.

"யூ பிட் எகெய்ன்."